கல் மாதிரி இறுகும் எபாக்சி பசைக்குள் ரப்பரைக் கலப்பது ஏன்?

இரண்டு ட்யூபிலிருந்தும் பிதுக்கி, கலந்து ஒட்டும் எபாக்சி பசையைப் பலரும் பயன்படுத்தியிருப்போம். கைப்பிடி உடைந்த பீங்கான் கப்பை ஒட்டினால் கல் மாதிரி நிற்கும். இழுத்தாலும் வராது. ஆனால், கை தவறி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், ஒட்டிய இடத்திலேயே 'பட்'டென்று விட்டுவிடும்.

கப் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால், இதே எபாக்சி குடும்பத்துப் பசைதான் இன்று பல கார்களின் பாடியில் தகடோடு தகட்டை ஒட்டுகிறது. விபத்தில் மோதும்போது அதுவும் இப்படி விட்டுவிட்டால்? அது நடக்காமல் இருக்கத்தான் பசைக்குள் ரப்பர் சேர்க்கிறார்கள்.

வலிமை வேறு, உடையாமை வேறு

"பலமா இருந்தா உடையாதுதானே?" என்று தோன்றும். அப்படி இல்லை. எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது வலிமை. விரிசல் விழுந்த பிறகும் அது பரவாமல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பது 'டஃப்னெஸ்', அதாவது உடையாத்தன்மை.

துணிக்கடையில் கவனித்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டு, மீதியைக் கையாலேயே 'சர்'ரென்று கிழிப்பார்கள். வெட்டின் முனையில் இழுவிசை மொத்தமும் குவிவதுதான் காரணம். விரிசலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரும்பாக இருந்தால், விரிசல் முனையில் இருக்கும் பகுதி கொஞ்சம் வளைந்து, நீண்டு கொடுத்து, விசையைத் தணிக்கும். எபாக்சியால் அது முடியாது. இறுகும்போது அதன் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் கைகோத்து ஒரே வலையாகிவிடுகின்றன. சூடாக்கினாலும் மறுபடி உருகாது. இந்த வகைக்குத்தான் 'தெர்மோசெட்' என்று பெயர். அந்த வலைதான் அதன் பலம், பலவீனமும் அதுதான்.

ரப்பர் உள்ளே போய் என்ன செய்கிறது?

1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபிரெடெரிக் மெக்கேரியும் அவருடைய குழுவினரும், எபாக்சியில் திரவ ரப்பரைக் கலந்து ஆராய்ந்தார்கள். 100 கிராம் ரெசினுக்கு 5 முதல் 15 கிராம் ரப்பர் என்பது வழக்கமான அளவு. சாதாரண எபாக்சியில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு விரிசல் பரவ 100 முதல் 200 ஜூல் ஆற்றலே போதும். ரப்பர் சேர்ந்தால் அது 10 மடங்கு வரை, சில கலவைகளில் அதற்கு மேலும் உயர்கிறது.

ரப்பர் இழுபட்டு விரிசலைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது உண்மைதான், ஆனால் அதன் பங்கு சிறியது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆன்டனி கின்லாக் உள்ளிட்டோர் 1980-களில் காட்டியது வேறு. விரிசல் நெருங்கும்போது, எல்லாப் பக்கமும் இழுபடும் ரப்பர் துகளுக்குள் குட்டி வெற்றிடம் உருவாகிறது. அதனால் சுற்றியுள்ள எபாக்சிக்கு நகர இடம் கிடைக்கிறது. அதுவரை விறைத்து நின்ற எபாக்சியே வளைந்துகொடுத்து, மோதலின் ஆற்றலை விழுங்குகிறது. லட்சக்கணக்கான துகள்களைச் சுற்றி இது ஒரே நேரத்தில் நடப்பதால் விரிசல் வேகமிழக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ரப்பர் தானே சண்டை போடுவதில்லை. எபாக்சியைச் சண்டை போட வைக்கிறது.

கலப்பது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரவ ரப்பர். முதலில் ரெசினில் கரைந்திருக்கும். பசை இறுக இறுக, கரைந்திருக்க முடியாமல் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துளிகளாகப் பிரியும். பிரியாமல் கரைந்தபடியே தங்கும் ரப்பர், பசையை மென்மையாக்கி வெப்பம் தாங்கும் திறனையும் குறைத்துவிடும்.

இரண்டாவது, 'கோர்-ஷெல்' துகள்கள். கொழுக்கட்டை மாதிரி உள்ளே ரப்பர் பூரணம், வெளியே கெட்டியான அக்ரிலிக் மாவு. அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. முன்கூட்டியே தயாரித்துக் கலப்பதால் துகளின் அளவு மாறாது. வெப்பம் தாங்கும் திறனும் பெரிதாகக் குறையாது.

அப்போ பழைய டயரை அரைத்துப் போட்டால்?

பலருக்கும் வரும் சந்தேகம்தான். டயர் தூள் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு பெரியது. ரெசினோடு சரியாகப் பிடிப்பும் இருக்காது. அதனால் இந்த அளவுக்குப் பலன் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதிக வெப்பம் தாங்குவதற்காக வலையை மிக நெருக்கமாகப் பின்னிய ரெசின்களில், ரப்பர் இடம் கொடுத்தாலும் ரெசின் வளையாது. அங்கே பலன் குறைவுதான். அத்தகைய விமானப் பாக ரெசின்களில் ரப்பருக்குப் பதிலாக பாலிஈதர்சல்ஃபோன் போன்ற பிளாஸ்டிக்கைக் கலப்பதுண்டு.

காரில் என்ன பயன்?

தொழிற்சாலையில் தகடுகளின் விளிம்பில் இந்தப் பசையைத் தடவி, ஸ்பாட் வெல்டிங்கும் வைப்பார்கள். பெயின்ட் உலர்த்தும் அடுப்புச் சூட்டிலேயே பசையும் இறுகிவிடும். மோதலின்போது முன்பக்கத் தகடுகள் ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிய வேண்டும். அந்த மடிப்புதான் மோதலின் ஆற்றலை உறிஞ்சி, உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது. நடுவில் பசை பிரிந்தால் தகடுகள் தனித்தனியாக விலகி, மடிப்பு ஒழுங்காக நடக்காது. அதனால்தான் இந்தப் பசைகளைச் சும்மா இழுத்துப் பார்ப்பதோடு விடாமல், வேகமாக அடித்து உரித்தும் சோதிக்கிறார்கள்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

அதிர்வும் அடியும் படும் இடத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால், 'டஃபண்ட்' என்று குறிப்பிட்ட எபாக்சியைக் கேளுங்கள். சூடு படும் இடம் என்றால், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். அட்டையில் 'அதிக வலிமை' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அடி விழும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.