கழுகு பொறித்த காமிரா

பெர்லின் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது பழைய மாணாக்கன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதமும் இரண்டு படங்களும் அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருட் சந்தையில், ஒரு கிழவர் கம்பளம் விரித்துப் பரப்பியிருந்த சாமான்களின் நடுவே அவன் கண்ட காமிராவின் படங்கள் அவை. பொன் முலாம் பூசிய மேல்தட்டு. அதில் 'லைகா' என்ற பெயர். பக்கத்தில் சிறகு விரித்த கழுகு. கழுகின் காலடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. நாஜிச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். ஆகவே சந்தைக்காரர்கள் அதைக் காகிதத்தால் மறைத்துத்தான் வைப்பார்கள். காகிதத்தைத் தூக்கிப் பார்த்தால் ஸ்வஸ்திகமும், அதன் கீழே ஜெர்மன் விமானப்படையின் பெயரும் இருந்தனவாம்.

"யுத்தத்தில் ஒரு விமானியின் கழுத்தில் தொங்கிய காமிரா என்கிறார். என்னுடைய மூன்று மாதச் சேமிப்பைக் கேட்கிறார். அடுத்த ஞாயிறு வரையில் எனக்காக வைத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, ஸார்?" என்று எழுதியிருந்தான்.

பழைய காமிராக்களின்மேல் நமக்குள்ள பைத்தியம் அவனுக்குத் தெரியும். படத்தைக் கண்ட மாத்திரத்திலேயே நமக்குச் சந்தேகம் தட்டியது என்பது உண்மை. ஆயினும் விடையைச் சொல்லிவிட்டால் கணக்குப் போடத் தெரியாமல் போய்விடும் என்பது வாத்தியார்களின் பழைய கொள்கை அல்லவா? ஆகவே விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் எழுதி அனுப்பினோம்.

லைகா என்பது ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்னும் சிற்றூரில் லைட்ஸ் குடும்பத்தாரின் தொழிற்சாலையில் பிறந்தது. ஆஸ்கர் பர்னாக் என்ற யந்திர நிபுணர் அமைத்த அந்தச் சிறு காமிரா 1925-ஆம் வருஷம் லீப்ஸிக் கண்காட்சியில் உலகத்தின் முன் வைக்கப்பட்டது. 1932-ல் வந்த இரண்டாம் மாதிரியில் தூரத்தை அளக்கும் கருவி காமிராவுக்குள்ளேயே இணைக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் படைகளுக்கு லைகாக்கள் போனதும், அவற்றுள் சிலவற்றின்மேல் 'விமானப்படையின் உடைமை' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்கள் செதுக்கப்பட்டதும் மெய்தான். உண்மையான படைக் காமிராவுக்கு இன்று லட்சக்கணக்கில் விலை. பொய்யர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த உண்மையான காமிரா பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சாதாரணமாக இருக்கும், அதுதான் விசேஷம். யுத்த காலத்தில் குரோமியம் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே பல காமிராக்களுக்குச் சாம்பல் நிற வர்ணம் அடித்து அனுப்பினார்கள். சிலவற்றின் எண்ணுக்குப் பின்னால் 'கே' என்ற ஜெர்மன் எழுத்து ஒன்று காணப்படும். கடுங்குளிரிலும் திரை தடைபடாமல் ஓடுவதற்காக உள்ளே குண்டுமணித் தாங்கிகள் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். குரோமியத்துக்கே தட்டுப்பாடான காலத்தில், அலுவல் நிமித்தம் பறக்கும் விமானிக்குப் பொன் முலாம் பூசிய காமிராவை எந்த ராணுவம் கொடுத்திருக்கும்? கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம்!

எண்ணும் பேசும். யுத்த காலத்துப் படைக் காமிராக்களுள் பெரும்பாலானவை, 1940-ல் வெளிவந்த 'மூன்று ஸி' என்னும் மாதிரியைச் சேர்ந்தவை. அதன் எண்கள் 360,000-ஐ ஒட்டித் தொடங்குகின்றன. அதன் உடல் வார்ப்பினால் ஆனது. முந்திய மாதிரிகளைவிட 2.8 மில்லிமீட்டர் நீளம் அதிகம். 1932-ஆம் வருஷத்து உருவமும், யுத்த காலத்து முத்திரையும், இரண்டுக்கும் ஒவ்வாத எண்ணும் ஒரே உடலில் கூடியிருந்தால், அது மூன்று பேருடைய ஜாதகத்தை ஒரே ஆளுக்கு எழுதியது போலத்தான்.

இவ்வளவும் வெளித்தோற்றம். தீர்ப்பு உள்ளே இருக்கிறது. லென்ஸைத் திருகிக் கழற்றி, உடலின் வாய்க்குள் மேற்புறமாகப் பார்க்கவேண்டும். லென்ஸ் முன்னும் பின்னும் நகர்வதை உணர்ந்து தூரமானிக்குத் தெரிவிக்கும் சிறு நெம்புகோல் ஒன்று அங்கே இருக்கும். லைகாவில் அதன் நுனியில் உருளும் சின்னஞ்சிறு சக்கரம் உண்டு. போலியில் சக்கரம் இராது. நாக்குப் போன்ற கெட்டியான உலோகத் துண்டே இருக்கும். பிறகு லென்ஸை முன்புறமாக நோக்கவேண்டும். லைட்ஸ் கம்பெனியின் 'எல்மார்' லென்ஸில் ஒளியைக் குறைக்கும் தகடுகள் முதல் கண்ணாடிக்கு அடுத்தாற்போலவே அமைந்திருக்கும். போலியில் இரண்டாவது கண்ணாடிக்கும் அப்பால் ஆழத்தில் இருக்கும். பெயரைச் சுரண்டி மாற்றலாம். கண்ணாடிகளின் வரிசையை யார் மாற்றுவார்?

1936-ஆம் வருஷத்துப் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தின் ஞாபகார்த்தம் என்று வேறொரு ரகம் உலாவுகிறது. அதில் 'ஒலிம்பியாடா' என்று செதுக்கியிருப்பார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் 'ஒலிம்பியாடெ' என்று முடியும். 'டா' என்று முடிவது ருஷிய மொழியில். எழுத்துப் பிழையில் அகப்பட்ட திருடனை நினைத்து நாம் தனியே சிரித்ததுண்டு.

அந்த ருஷிய வாடை எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

உக்ரேனின் கார்கிவ் நகரத்தில் 1927-ஆம் வருஷம் அநாதைச் சிறுவர்களுக்கென ஒரு தொழிற்குடியிருப்பு ஏற்பட்டது. உள்நாட்டுக் கலகத்திலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் திரிந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அதை நடத்தியவர் ஆன்டன் மகரென்கோ. நம்மைப் போன்ற ஓர் உபாத்தியாயர். நம்மைவிட எவ்வளவோ பெரியவர் என்று சொல்லவும் வேண்டுமா? லைகாவின் இரண்டாம் மாதிரியைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே 1934 முதல் அங்கே காமிராக்கள் செய்யத் தொடங்கினார்கள். ஸோவியத் ரகசியப் போலீசின் முதல் தலைவரான ஃபெலிக்ஸ் எட்மண்டவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதற்கு 'ஃபெட்' என்று பெயர். அந்தப் பெயரைப் பற்றி நமக்கு உற்சாகமில்லை. ஆனால் பசியோடு திரிந்த கைகள், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகாமல் உலோகத்தைக் கடையக் கற்றன என்பது சாமானியமா? 1948 முதல் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் இதே அமைப்பில் 'ஜோர்க்கி' என்ற காமிராவும் வந்தது.

இந்த ஃபெட்டும் ஜோர்க்கியுமே பொய்யர்களுக்கு மூலப்பொருள். மேல்தட்டிலுள்ள சொந்தப் பெயரையும் எண்ணையும் அராவி எடுத்துவிட்டு, லைகாவென்றும் கழுகென்றும் செதுக்குகிறார்கள். 1941 அக்டோபரில் கார்கிவ் நகரத்தைக் கைப்பற்றியது ஜெர்மன் படை. அந்த நகரத்துப் பிள்ளைகள் செய்த காமிராவின்மேல் அந்தப் படையின் முத்திரை! வாங்குகிறவன் பணத்தைத்தான் இழக்கிறான். காமிராவோ தன் பிறப்பையே இழக்கிறது.

உண்மையான படை லைகாவுக்கும் இன்பமான சரித்திரம் என்று சொல்வதற்கில்லை. லைட்ஸ் குடும்பத்தார் 1938, 1939-ஆம் வருஷங்களில் தங்களிடமிருந்த யூத ஊழியர்கள் பலரை நியூயார்க் முதலிய இடங்களுக்கு அனுப்பிக் காப்பாற்றினார்கள். யூதப் பெண்கள் தப்புவதற்கு உதவியதற்காக அக்குடும்பத்துப் புதல்வி எல்ஸி 1943-ல் சிறைப்பட்டார். அதே தொழிற்சாலையில்தான் உக்ரேனிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் கட்டாய வேலை செய்தார்கள். அவர்களிடம் இரக்கம் காட்டியதும் எல்ஸியின்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. இத்தனையும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொரு வகைப் பொய் உண்டு; அதுதான் கடினமானது. லைகா உண்மையானது, உள்ளே சக்கரமும் இருக்கும், எண்ணும் பொருந்தும். முத்திரை மட்டும் பிற்காலத்தில் விலையேற்றுவதற்காகச் செதுக்கியது. மூலைகளில் பூச்சுத் தேய்ந்து பித்தளை தெரியும்போது எழுத்துக்களின் விளிம்பு மட்டும் கத்தி போல் கூர்மையாயிருந்தால் ஐயப்பட இடமுண்டு. அப்போது நாடவேண்டியது வெட்ஸ்லாரிலுள்ள பழைய அனுப்புகைப் பேரேடுகளை. எந்த எண்ணுள்ள காமிரா எந்தத் தேதியில் யாருக்குப் போயிற்று என்று அவற்றில் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டாததைப் பேரேடு சொல்லும்.

நமது மாணாக்கனின் இரண்டாவது கடிதம் மறு வாரம் வந்தது. கையில் சிறு விளக்குடன் போனானாம். லென்ஸைக் கழற்றலாமா என்று கேட்டபோதே கிழவரின் முகம் மாறியதாம். உள்ளே சக்கரம் இல்லை, நாக்குத்தான் இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்ததில், கழுகின் இறக்கைக்கு அடியில் அராவிய வேறு எழுத்துக்களின் நிழல் லேசாகத் தெரிந்ததாம், படிக்க முடியவில்லை. கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிழவர் இறங்கி வந்தார். பையன் வாங்கிவிட்டான்.

கடிதத்தோடு ஒரு படமும் இருந்தது. காமிராவில் பிலிம் போட்டு முதன்முதலில் அந்தக் கிழவரையே எடுத்திருக்கிறான். கம்பளம், அதன்மேல் பழைய கடிகாரங்கள், பின்னால் முக்காலியில் அவர். இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.