செவ்வாயில் சிக்கிய பூட்டு

ஒற்றை இருப்புப்பாதையில் எதிரெதிரே இரு புகைவண்டிகள் புகுந்தால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் நிலைய அலுவலர் ஓட்டுநரிடம் அடையாள வளையம் ஒன்றை அளிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதனைப் பெற்ற வண்டியே செல்லலாம். மற்றது காத்திருத்தல் வேண்டும்.

கணிப்பொறியினுள்ளும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அங்கே பல பணிகள் ஒருங்கே நடைபெறுகின்றன. நினைவகத்தின் ஒரே பகுதியில் இரு பணிகள் ஒரே வேளையில் எழுதப் புகுந்தால், இரண்டின் எழுத்தும் குழம்பிப் பயனற்றுப்போகும். எனவே பொதுப்பொருளை நாடும் பணி முதலில் அதனைப் பூட்டிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் திறந்துவிடுகிறது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, 1960களில் தாம் வகுத்த இத்தகைய காப்புமுறை ஒன்றிற்குப் புகைவண்டிக் கைகாட்டியின் பெயரையே இட்டார்.

பூட்டுதல் எளிது; பூட்டியவன் திறக்க இயலாது போனால் என் செய்வது?

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானே நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாயிற்று. திரட்டிய செய்திகள் அழியவில்லை. எனினும் அன்றைய எஞ்சிய வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. பழுது பார்க்க ஆளனுப்பக்கூடிய இடமா அது!

கலத்தின் உறுப்புகளுக்கிடையே செய்தி செல்லும் தடத்தை மேற்பார்க்கும் பணி மிக உயர்ந்த தரத்தது. வானிலை அளவுகளைத் தொகுக்கும் பணியோ தாழ்ந்த தரத்தது. இரண்டும் ஒரே பூட்டைப் பயன்படுத்தின. தாழ்ந்த பணி பூட்டை வைத்திருக்கையில் உயர்ந்த பணி வந்து காத்து நின்றது. அதனளவில் தீங்கில்லை, பூட்டு விரைவில் திறந்திருக்கும். ஆனால் அந்நேரத்தில் இடைத்தரப் பணிகள் குறுக்கிட்டன. அவற்றிற்கு அப்பூட்டோடு தொடர்பே இல்லை. வானிலைப் பணியினும் தரம் மிகுந்தமையால் அதனை ஒதுக்கிவிட்டு நெடுநேரம் ஓடின. ஒதுக்கப்பட்ட பணி பூட்டைத் திறக்க வழியில்லை; உயர்ந்த பணிக்கோ காத்திருத்தல் ஓயவில்லை. தடப்பணி உரிய வேளையில் முடியாதது கண்ட காவல் ஏற்பாடு, பெருங்கேடு நேர்ந்ததெனக் கொண்டு கணிப்பொறி முழுவதையும் மறுபடி தொடங்கச் செய்தது.

கலம் புறப்படுமுன்னரே இக்கோளாறு தலைகாட்டியதுண்டு. மீண்டும் வரவழைக்க முயன்றபோது அது வரவில்லை. பூட்டுப் பிழைகளின் இயல்பே இது, தேடுங்கால் ஒளிந்துகொள்ளும்.

கலிபோர்னியாவிலிருந்த பொறியாளர்கள், கலத்தில் உள்ளது போன்ற மற்றொரு கணிப்பொறியை ஓயாது இயக்கி, அக்கோளாறு அதிலும் தோன்றக் கண்டனர். மருந்து முன்னரே அறியப்பட்டதுதான். லூயி ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை அதனை விளக்கியிருந்தது: பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அது திறந்துவிடும் வரையில், காத்திருக்கும் உயர்ந்த பணியின் தரத்தையே அளித்தல் வேண்டும். அவ்வாறாயின் இடைத்தரப் பணி எதுவும் அதனை விலக்க இயலாது. கலத்தின் கணிப்பொறியிலும் இவ்வசதி இருந்தது. அந்தப் பூட்டிற்கு மட்டும் அது இயக்கப்படவில்லை.

வானொலி அலைவழியே திருத்தம் அனுப்பப்பட்டது. அதன்பின் கணிப்பொறி அக்காரணத்தால் நிற்கவில்லை. ஒரு திங்கள் உழைக்குமெனத் திட்டமிடப்பட்ட அக்கலம் செப்டம்பர் 27 வரை செய்தி அனுப்பியது.