லினக்ஸ் போட்டதும் வைஃபை காணோமா? கெர்னலை மாற்றும் முன் இதைக் கவனிங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் நல்ல மாற்று. ஆனால், ஞாயிறு மாலை உபுண்டுவோ மின்ட்டோ இன்ஸ்டால் செய்து முடித்தால், எல்லாம் பளிச்சென்று இருக்கும். வைஃபை அடையாளம் மட்டும் இருக்காது. மறுநாள் காலை ஆபீஸ் மீட்டிங் வேறு. "கெர்னலை அப்கிரேடு பண்ணு, சரியாகிடும்" என்று நண்பர் சொல்வார். அது சில நேரம் மருந்து. சில நேரம் அதுவே நோய்.

டிரைவர் எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டரின் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவதுதான் கெர்னல். விண்டோஸில் பல டிரைவர்களைத் தயாரிப்பு நிறுவனங்கள் தனியாகத் தருகின்றன. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால், கெர்னல் வெளியான பிறகு சந்தைக்கு வந்த சிப் என்றால் அதை அந்தக் கெர்னலுக்கு அடையாளம் தெரியாது.

ஒரு உதாரணம்: பல லேப்டாப்களில் இருக்கும் ரியல்டெக் 8852பிஇ வைஃபை சிப். இதற்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04-ல் இருந்ததோ 5.15 கெர்னல். அந்த லேப்டாப்பில் வைஃபை வராததற்கு சிப்பும் காரணமில்லை, பயனாளரும் காரணமில்லை. அடுத்த ஆண்டு வந்த 22.04.3 பதிப்பு 6.2 கெர்னலோடு வந்தபோது சிக்கல் தீர்ந்தது.

முதலில் நெட், பிறகு நோயறிதல்

வைஃபை இல்லையென்றால் நெட் இல்லை. நெட் இல்லையென்றால் டிரைவரை இறக்க முடியாது. இதற்கு எளிய வழி கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்தால் போதும்.

அடுத்து இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று, சிப்பின் பெயர். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கமாண்ட் கொடுத்தால் தெரியும். இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண். சிஸ்டம் விவரங்கள் பகுதியிலேயே இது இருக்கும். இந்த இரண்டையும் வைத்துத் தேடினால், அந்த சிப்புக்கு எந்தக் கெர்னலிலிருந்து ஆதரவு என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பழசா, புதுசா?

லேப்டாப் பழசு என்றால் கெர்னலைத் தொட வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது. பழைய பிராட்காம் வைஃபை சிப்கள் சிலவற்றுக்கு நிறுவனத்தின் தனியுரிம டிரைவர் வேண்டும். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' பகுதியைத் திறந்தால் அது பட்டியலில் வரும். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாமல் சிப் முடங்கிக் கிடப்பதும் உண்டு. கெர்னல் பதிவேட்டில் அந்தப் பிழை எழுதப்பட்டிருக்கும்.

லேப்டாப் புத்தம் புதுசு, கெர்னல் பழசு என்றால் அப்கிரேடுதான் வழி. அப்போதும் உபுண்டுவின் 'ஹெச்டபிள்யூஇ' கெர்னல், மின்ட்டின் அப்டேட் மேனேஜர் காட்டும் கெர்னல் என அந்தந்த விநியோகம் தருவதையே எடுப்பது பாதுகாப்பு.

என்விடியா இருந்தால் கூடுதல் கவனம்

என்விடியாவின் தனியுரிம டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. கெர்னல் மாறினால் அதற்கேற்ற டிரைவரும் வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் திரை கறுப்பாகிவிடலாம். செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் இன்னொரு சிக்கல்: கையொப்பம் இல்லாத டிரைவரை கெர்னல் உள்ளே விடாது. டிரைவர் இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்டு, ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வரும். அதில் 'என்ரோல்' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் 'கன்டின்யூ' அழுத்திவிட்டால் டிரைவர் இருந்தும் இல்லாத கதைதான்.

திரும்பிவரும் வழி

புதிய கெர்னல் காலை வாரிவிட்டால் பயப்பட வேண்டாம். வழக்கமாக பழைய கெர்னல் அழியாமல் அங்கேயே இருக்கும். ஆன் செய்யும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் பட்டனை அழுத்தினால் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் முன்புபோல் திறக்கும்.

அதனால் முக்கியமான ஃபைல்களை முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, மறுநாள் வேலை இல்லாத நாளில் அப்கிரேடு செய்வது நல்லது. வைஃபை, சத்தம், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை பழைய கெர்னலை மட்டும் அழிச்சிடாதீங்க!