இரைச்சலுக்குள் ஒரு மெட்டு

டெஃப்ஹெவன் குழுவின் ‘சன்பேதர்’ ஆல்பத்தை முதல் தடவை கேட்டால் பாதியிலேயே நிறுத்திவிடத் தோன்றும். சான்பிரான்சிஸ்கோவில் உருவான இந்தக் குழு 2013இல் வெளியிட்ட ஆல்பம் இது. அட்டை இளஞ்சிவப்பில் சாந்தமாக இருக்கும். முதல் பாட்டு ‘ட்ரீம் ஹவுஸ்’ தொடங்கியதும் டிரம்ஸ் அடைமழையாகக் கொட்டும். பாடகர் ஜார்ஜ் கிளார்க் தொண்டை கிழிய அலறுவார். ஒரு சொல்லும் பிடிபடாது. நாலைந்து தடவை கேட்டபின் அதே பாட்டில் நெஞ்சை உருக்கும் மெட்டு ஒன்று மேலெழுந்து வருகிறது. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. பிறகு ஏன் காதில் விழவில்லை?

பிளாக் மெட்டலின் வேகத்தையும் அலறலையும், ஷூகேஸ் இசையின் மூட்டமான கிட்டார் ஒலியையும் கலந்ததுதான் டெஃப்ஹெவன் வாசிக்கும் பிளாக்கேஸ் வகை. பிரான்சின் அல்செஸ்ட் குழு இதற்கு முதலில் பாதை போட்டது. இந்தக் கலவையே காதைத் திணறடிக்கிறது. தந்தி அதிரும்போது மூலச்சுரத்தோடு மேற்சுரங்களும் பிறக்கும். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் அவற்றைப் பெருக்கிவிடும். இப்படிச் சில கிட்டார்கள் சேர்ந்தால், உட்செவியின் காக்ளியாவில் நெருங்கிய அதிர்வெண்கள் ஒன்றையொன்று மறைக்கும். டிரம்ஸையும் பாருங்கள். நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில் ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்து அடித்தால் நொடிக்கு 13 அடிகளுக்கு மேல். நொடிக்கு 20ஐ நெருங்கினால் அடிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே ரீங்காரமாகக் கேட்கத் தொடங்கிவிடும்.

இந்த வேகமெல்லாம் மேற்பரப்பில்தான். அடியில் குழுவின் கிட்டார் கலைஞர் கெர்ரி மெக்காயின் கிட்டாரில் சுரக்கட்டுகள் நிதானமாக, பெரும்பாலும் இனிமையாகவே நகர்கின்றன. புதிதாய்க் கேட்கும் காது வேகத்தைப் பிடிக்கிறது; பழகிய காது நிதானத்தைப் பிடிக்கிறது.

ஜே டவ்லிங் என்ற உளவியலாளர் 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மெட்டுகளின் சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து ஒலிக்கவிட்டார். இரண்டும் ஒரே சுருதி எல்லைக்குள் இருந்தபோது கேட்டவர்களால் எதையும் இனங்காண முடியவில்லை. எந்த மெட்டு உள்ளே இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னதும் அதைப் பிரித்துக் கேட்டார்கள். எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் மூளையால் தேடவே முடிகிறது. மறுபடி கேட்பது அந்தத் தகவலைத் தருகிறது.

அலறலுக்கும் இப்படி ஒரு மாற்றம் நேர்கிறது. மனித அலறலின் ஒலியளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்குவதையும், மூளையின் அச்ச மையமான அமிக்டலாவை அது தூண்டுவதையும் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆபத்து வராமலே இந்த அபாய மணி அடித்துக்கொண்டிருந்தால் மூளை அதற்குப் பழகிவிடும். அப்போது கிளார்க்கின் குரலும் இன்னொரு கிட்டார் போலக் கலந்து கேட்கும் என்றே நான் நினைக்கிறேன்.

‘ட்ரீம் ஹவுஸ்’ 9 நிமிடத்துக்கு மேல் ஓடும். நடுவில் எல்லாம் அடங்கி, தெளிந்த கிட்டார் மட்டும் மிஞ்சும். அடுத்து வரப்போகும் எழுச்சி தெரிந்தவருக்கு இந்த இடத்திலேயே உடல் சிலிர்க்கும். விருப்பமான இசையின் உச்சத்தில் மட்டுமல்ல, அதை எதிர்பார்க்கும் நொடிகளிலும் டோபமைன் சுரப்பதை வலோரி சலிம்பூர் குழுவினர் 2011இல் கண்டறிந்தார்கள்.

ஆல்பம் முழுவதும் இப்படிக் கேட்கக் கேட்க வளர்வதில்லை. தெருப் போதகரின் குரலைப் பதிந்து சேர்த்த ‘விண்டோஸ்’, முதல் வியப்பு தீர்ந்ததும் வெறுமையாகிவிடுகிறது. அடியில் தேடி எடுக்க அங்கே எதுவுமில்லை. 14 நிமிட ‘வெர்டிகோ’ அதற்கு நேர் எதிர்.

கேட்கிறவர்கள் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். ஒலி கூடக்கூட, நெருங்கிய அதிர்வெண்களைப் பிரித்தறியும் காக்ளியாவின் கூர்மை மங்கும். தணிந்த ஒலியில்தான் மெக்காயின் கிட்டார் இழைகள் தனித்தனியாகப் பிடிபடுகின்றன.