எண்ணுங் கருவியில் எழும் வேண்டாத அலைவு

செம்பூரை அடுத்த டிராம்பேயில் அப்சரா அணுவுலை 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளையோ ஏ. எஸ். ராவ் அவர்களின் தலைமையில் நம் நாட்டுப் பொறியியலாரே அமைத்தனர். அந்த உலை 2009இல் நிறுத்தப்பட்டது. மிக நுண்ணிய துடிப்பைப் பெருக்கி எண்ணும் கலையோ இன்று பள்ளி மேசைக்கே வந்துவிட்டது. அதனுடன் அதன் பழைய தொல்லையாகிய வேண்டாத அலைவும் வந்துள்ளது.

லாமிங்டன் சாலைக் கடைகளில் வாங்கிய சிலிக்கன் ஒளி டயோடு ஒன்றைக் கொண்டு, உல்லாஸ்நகரில் ஓர் ஆசிரியர் கதிர்வீச்சு காணுங் கருவி அமைப்பதாகக் கொள்வோம். கதிர் ஒன்று டயோடினுள் நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழந்தால் சுமார் 28,000 எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. டயோடின் மின்தேக்குதிறன் 50 பிக்கோபாரட் ஆயின், அவற்றால் எழும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கும் இராது. அதனை ஒரு வோல்ட்டாக உயர்த்தப் பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம் வேண்டும். கேடு பிறப்பது இங்கேதான். வெளிவாயில் தோன்றும் மின்னழுத்தத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு, ஒத்த கட்டத்தில் உள்வாயை மீண்டும் அடைந்தால் போதும். பெருக்கி தானே அலைவியாகிவிடும். மாட்டுங்காவின் விழாப் பந்தலில் ஒலிபெருக்கியின் முன்னே மைக்கைக் கொண்டு சென்றால் எழும் ஊளையும் இதுவே.

ஊளையெனில் உடனே தெரிந்துவிடும். கதிரின் ஓசையைப் போலவே 'டிக் டிக்' என ஒலிக்கும் மெல்லிய அலைவுதான் ஏமாற்றும். அணுவுலைகளுக்கு அருகில் வாழும் மக்களிடையே பொய் எண் ஒன்று பரப்பக்கூடிய அச்சத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. பெருக்கத்தைக் குறைத்து ஓசையை அடக்குவோர் கதிரையும் சேர்த்து அடக்கிவிடுகின்றனர்; அது இன்னுங் கேடு.

உண்மையையும் பொய்யையும் பிரிக்க விலையுயர்ந்த கருவி வேண்டா. கடிகாரமும் தாளும் போதும். அணுச்சிதைவு தற்செயலாக நிகழ்வது. ஒரு நிமிட எண்ணிக்கையைப் பலமுறை எடுத்துச் சராசரி 25 எனக் கண்டால், அதன் வர்க்கமூலமாகிய 5 அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருத்தல் வேண்டும். மூன்றில் இரு பங்கு அளவீடுகள் 20க்கும் 30க்கும் இடையே விழும். ஒவ்வொரு நிமிடமும் 60, 61, 60 என்றே வருமாயின் அது கதிரன்று. ஏற்றத்தாழ்வு மிகையாயினும் ஐயுறுக: மெய்யான துடிப்பு ஒன்றைத் தொடர்ந்து சுற்று சிறிது நேரம் அதிர்ந்து, ஒன்றை ஏழாக எண்ணியிருக்கலாம்.

அடுத்து டயோடைக் கழற்றி, அதே மின்தேக்குதிறனுடைய கண்டென்சர் ஒன்றை அவ்விடத்தில் பற்றவைக்க. டயோடை வெறுமே நீக்கிவிடுதல் தகாது. உள்வாயின் நிலை மாறுவதால் அலைவும் மறைந்துபோகக்கூடும். கண்டென்சரைக் கண்டும் கருவி எண்ணிக்கொண்டிருந்தால் குற்றம் சுற்றினுடையதே. அல்லது வெளியிலிருந்து நுழையும் மின்னிரைச்சலுடையது.

இனி, வெளிவாயிலிருந்து உள்வாய்க்குத் திரும்பும் வழியைத் தேட வேண்டும். முதலில் ஸ்பீக்கரின் இணைப்பை அகற்றுக. ஒவ்வொரு 'டிக்' ஒலியின்போதும் ஸ்பீக்கர் மின்கலத்திலிருந்து மின்னோட்டத்தை இழுக்க, மின்னழுத்தம் சற்றே தாழ்கின்றது. அத்தாழ்வை முதற்கட்டப் பெருக்கி புதிய துடிப்பென ஏற்கின்றது. மோட்டார்ப் படகின் ஓசை என்று வானொலி பழுதுபார்ப்போர் இதனைக் குறிப்பர். புதிய பேட்டரியைப் பொருத்தினால் நின்றுவிடும். ஆனால் அது மருந்தன்று. சில வாரங்களில் பேட்டரியின் அகத்தடை உயர, நோய் மீளும். முதற்கட்டத்துக்குச் செல்லும் மின்வழியில் 100 ஓம் தடையும், அதற்கப்பால் பொதுவழிக்கு 100 மைக்ரோபாரட் கண்டென்சரும் இடுவதே முறை.

கையை அருகே கொண்டு சென்றால் ஓசை மாறுகின்றதா? அவ்வாறாயின் காற்றிடையேயுள்ள சிறு மின்தேக்கமே வழி. உள்வாய்க் கம்பியைக் குறுக்கி, வெளிவாயை எதிர்ப்புறம் கொண்டுசென்று, முழுவதையும் பிஸ்கட் தகர டப்பாவில் அடைத்து, டப்பாவைச் சுற்றின் பொதுவழியோடு ஓரிடத்தில் மட்டும் இணைக்க. ஸ்பீக்கரின் திரும்பு கம்பி முதற்கட்டத்தின் பொதுவழியாகச் செல்லலாகாது. மும்பையின் மழைக்காலத்தில் பற்றவைப்புப் பசையின் எச்சம் ஈரத்தை ஈர்த்து மின்கசிவை உண்டாக்கும். ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்துக.

கைகர் குழாய் கொண்ட கருவியில் சுமார் 400 வோல்ட் ஆக்கும் பகுதியே ஓர் அலைவி. அங்கு அலைவை ஒழித்தல் இயலாது. அது எண்ணும் பகுதிக்குள் கசியாமல் பிரித்து வைத்தலே வழி. அப்பகுதியைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, கண்டென்சர்களின் மின்னேற்றத்தைத் தடை வழியே வடித்துவிடுதல் இன்றியமையாதது.

சீர் செய்தபின், டயோடுக்குப் பதிலாக இட்ட கண்டென்சருடனேயே, டப்பாவை மூடி, ஸ்பீக்கரையும் மீண்டும் இணைத்து ஒரு மணி நேரம் எண்ண விடுக. சுழியமே நின்றால் டயோடைத் திரும்பப் பொருத்தலாம்.