கரண்ட் போன நேரத்தில் கராஜ் கதவை வெளியிலிருந்து திறப்பது

கலிபோர்னியாவில் நம்மவர்கள் வீடு பலவற்றில் வாசல் கதவுச் சாவி எங்கே என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கார் வரும், ரிமோட்டை அமுக்குவோம், கராஜ் கதவு ஏறும், உள்ளே போய் அடுக்களைப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவோம். வாசல் கதவு அமேசான் டப்பாவுக்கும் விருந்தாளிக்கும்தான். ஆக, வீட்டுக்கு உண்மையான சாவி கராஜ் மோட்டார்தான். அந்த மோட்டாருக்குக் கரண்ட் இல்லை என்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் மேனுவல்கள், சட்டம், ஸ்பிரிங் கணக்கு என்று படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரண்ட் போன பிறகும் வெளிச் சுவரில் இருக்கும் கீபேட் எரியும், ரிமோட்டில் விளக்கு மின்னும். இரண்டுக்கும் சொந்த பேட்டரி இருக்கிறது. அவை கத்திக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டிய மோட்டார்தான் தூங்குகிறது. "நம்பரைத் தப்பா போடறேனோ" என்று பத்துத் தடவை அழுத்திப் பிரயோஜனமில்லை. அதேபோல், பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். எரிந்தால் போயிருப்பது உங்கள் கராஜ் சர்க்யூட் மட்டுமாக இருக்கலாம். கலிபோர்னியாவில் நிறைய வீடுகளுக்கு பிரேக்கர் பெட்டி வெளிச் சுவரில்தான் இருக்கும். விழுந்த பிரேக்கரை ஒருமுறை முழுசாக அணைத்துத் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது.

தெருவே இருட்டு என்றால்தான் நிஜமான பிரச்சினை. அதற்கு இந்தக் கதவு எப்படித் தூக்கப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

பெரும்பாலானோர் நினைப்பது, மேலே தொங்கும் மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று. இல்லை. இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு 150 பவுண்டுக்கு மேல், மரமாக இருந்தால் இன்னும் அதிகம். அரை குதிரைத்திறன் மோட்டார் அதை நகர்த்துகிறதே தவிர, சுமப்பதில்லை. சுமப்பது கதவுக்கு மேலே, இரும்புக் கம்பியில் சுற்றியிருக்கும் ஸ்பிரிங். நம்மூர்க் கடை ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறப்பவர் அத்தனை கனமான தகட்டை ஒரு கொக்கிக் கம்பியால் சர்ரென்று மேலே தள்ளுகிறாரே, அவர் பலசாலி என்பதாலா? மேலே உருளைக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. அதே சங்கதிதான் இங்கேயும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவு 7 அடி உயரம். கேபிள் சுற்றும் டிரம்மின் விட்டம் சுமார் 4 அங்குலம், சுற்றளவு சுமார் 12.6 அங்குலம். 84 அங்குலம் ஏற, டிரம் ஏறத்தாழ 6.7 சுற்று சுற்ற வேண்டும். ஸ்பிரிங்கை மாட்டும்போது டெக்னீஷியன்கள் 7 அடிக் கதவுக்கு ஏழரைச் சுற்று முறுக்குவது வழக்கம். கதவு மூடியிருக்கும்போது முழு எடையும் தொங்குகிறது, ஸ்பிரிங்கும் முழு முறுக்கில் இருக்கிறது. கதவு ஏற ஏற ஒவ்வொரு பலகையாக வளைந்து மேல் தண்டவாளத்தில் படுத்துவிடும். தொங்கும் எடை குறைகிறது. அதே வேகத்தில் ஸ்பிரிங்கின் முறுக்கும் தளர்கிறது. இரண்டும் ஒன்றாகக் குறைவதால் எந்த உயரத்திலும் தராசு சமமாகவே நிற்கிறது. மிச்சம் இருக்கும் முக்கால் சுற்று, கதவு முழுக்கத் திறந்த பிறகும் கேபிள் தொய்ந்து டிரம்மை விட்டு நழுவாமல் பிடித்து வைக்க. யார் முதலில் யோசித்தார்களோ, கும்பிடலாம்.

இதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது. ஸ்பிரிங் சரியாக இருக்கிற கதவைத் தூக்க கரண்டே வேண்டாம். ஒற்றைக் கையால் தூக்கலாம். பின்னே ஏன் வெளியிலிருந்து அசைய மாட்டேன் என்கிறது? கதவின் மேல்பகுதியிலிருந்து ஒரு இரும்புக் கை போய், மேலே ரெயிலில் ஓடும் டிராலியைப் பிடித்திருக்கிறது. டிராலி சங்கிலியோடும் பெல்ட்டோடும் பூட்டியிருக்கிறது. மோட்டார் நின்றால் எல்லாம் நிற்கும். கதவைப் பூட்டி வைத்திருப்பது அந்த ஒரு இணைப்புதான். அதைக் கழற்றத்தான் டிராலியிலிருந்து சிவப்புப் பிடி போட்ட கயிறு தொங்குகிறது. பார்த்திருப்பீர்கள், இழுத்திருக்க மாட்டீர்கள்.

சிவப்புக் கயிறு உள்ளே இருக்கிறது, நாம் வெளியே நிற்கிறோம். வாசல் கதவோ, கராஜின் பக்கவாட்டுக் கதவோ இருந்து, அதன் சாவியும் கையில் இருந்தால் கவலையில்லை. சுற்றிப் போய் கயிற்றை இழுத்துவிடலாம். தனியாக நிற்கும் கராஜ், சந்துப் பக்கம் வாசல் வைத்த டவுன்ஹோம் இவற்றில் அந்த வசதி இருக்காது. கராஜுக்கு வேறு வாசலே இல்லை என்றால் வெளியிலிருந்து திறக்கும் பூட்டு ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள் என்று ஓப்பனர் மேனுவல்களே சொல்கின்றன. ஆனால் அது பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் இல்லை.

உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே வெளியே போய்ப் பார்க்கலாம். கதவின் மேல்பகுதியில், நட்ட நடுவில், ஒரு குவார்ட்டர் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு சாவித் துவாரம் தெரியும். பலர் அதைப் பழைய பூட்டின் மிச்சம் என்று நினைத்து மேலேயே பெயின்ட் அடித்துவிட்டிருப்பார்கள். அதில் சாவியைப் போட்டுத் திருப்பினால் பூட்டின் உருளை அப்படியே வெளியே வரும். அதன் வாலில் ஒரு மெல்லிய கேபிள். அந்தக் கேபிளின் மறுமுனை உள்ளே டிராலியின் நெம்புகோலில், அதாவது சிவப்புக் கயிறு கட்டிய அதே இடத்தில், மாட்டியிருக்கிறது. 'டக்' என்று விடுபடும்வரை நிதானமாக இழுத்துவிட்டு, கதவைப் பிடியைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். கரண்ட் இருக்கும் ஒரு பகல் நேரத்தில், ஆள் ஒருத்தரை உள்ளே நிறுத்திக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள். கேபிள் எப்போதோ கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஓப்பனரை மாற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமலே போயிருப்பார். இருட்டில் நின்று இதைத் தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை. அந்தச் சின்னச் சாவி இருக்க வேண்டிய இடம் பர்ஸ் அல்லது நம்பிக்கையான பக்கத்து வீடு. கராஜுக்குள் ஆணியில் தொங்கினால் அது சாவியே இல்லை.

சுவரில் பக்கவாட்டில் மாட்டும் வகை ஓப்பனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் டிராலியே கிடையாது. கயிறு மோட்டாரின் பக்கத்திலேயே இருக்கும். கூடவே கதவைத் தண்டவாளத்தோடு பூட்டும் மின் தாழ்ப்பாள் இருந்தால் அதையும் தனியாகக் கையால் விலக்க வேண்டும். வெளிப் பூட்டு வாங்குமுன் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் இல்லை, வேறு கதவும் இல்லை என்றால் கராஜ் டெக்னீஷியனைக் கூப்பிடுவதுதான் ஒரே வழி. கதவின் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பாதீர்கள். டிராலி விடாமல் பிடித்திருக்கும்போது கீழே தூக்கினால் மேல் பலகைதான் மடங்கும்.

இதெல்லாம் வெறும் அசௌகரியம் என்று நினைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். 2017 அக்டோபர் 8 இரவு கலிஸ்டோகா அருகே பிடித்த டப்ஸ் தீ சான்டா ரோசாவுக்குள் புகுந்து 22 பேரைக் கொன்றது. அந்த வாரம் வடக்கு கலிபோர்னியாவில் எரிந்த தீக்களில் இறந்தவர்களில் குறைந்தது 5 பேர், கரண்ட் இல்லாததால் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் போனவர்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. கார் உள்ளே, ஆளும் உள்ளே, தலைக்கு மேல் சிவப்புக் கயிறு. மாநில செனட்டர் பில் டாட் கொண்டுவந்த எஸ்.பி. 969 சட்டம் 2018-ல் நிறைவேறியது. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் வீடுகளுக்கு விற்கும், பொருத்தும் ஓப்பனர்களில் பேட்டரி இருந்தாக வேண்டும். அதே 2019 அக்டோபரில் காற்றடிக்கிறது, தீப்பிடிக்கும் என்று பி.ஜி. அண்ட் ஈ. நிறுவனம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் முன்கூட்டியே கரண்டை நிறுத்தியது நினைவிருக்கும். சட்டம் சரியான நேரத்துக்குத்தான் வந்தது.

பேட்டரி இருந்தால் வெளியே நிற்பவருக்கும் ரிமோட், கீபேட் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். 2019-க்கு முன் மாட்டிய ஓப்பனர்கள் இன்னும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் உள்ளே இருப்பது 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. ஓரிரு வருஷத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்தால் ஓப்பனர் பீப் பீப் என்று கத்தும். கத்துவது தொல்லை என்று பேட்டரியைக் கழற்றிப் போட்டவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். கேபிளும் சாவியும் கத்தாது, சார்ஜும் கேட்காது.

கயிற்றை உள்ளிருந்து இழுத்தாலும் சரி, சாவியால் வெளியிலிருந்து இழுத்தாலும் சரி, கதவு மூடியிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். திறந்த நிலையில் நின்றுவிட்ட கதவை விடுவித்தால், ஸ்பிரிங் பலவீனமாக இருக்கும் பட்சத்தில் மொத்த எடையும் தடாலென்று கீழே வரும். விடுவித்த பிறகும் கதவு மலைபோல் கனத்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உடைந்த ஸ்பிரிங்கைத் தானே மாற்றுகிறேன் என்று ஏணி போடுவதும் வேண்டாம்; அந்த ஏழரைச் சுற்று முறுக்கு கையை எடுத்துவிடும்.

திருடர்கள் கதவின் மேல் இடுக்கு வழியாகக் கம்பி விட்டு டிராலியை விடுவிக்கிறார்கள் என்ற பயத்தில் சிலர் நெம்புகோலை பிளாஸ்டிக் டையால் கட்டிப்போடுகிறார்கள், சிலர் சிவப்புக் கயிற்றையே வெட்டிவிடுகிறார்கள். பயம் நியாயம்தான், வைத்தியம் ஆபத்து. டை போட்ட நெம்புகோலை வெளியிலிருந்து சாவி இழுத்தாலும் அசையாமல் போகலாம். புகைக்குள் நிற்பவர் இழுத்தாலும் அதே கதிதான். இடுக்கை மறைக்கும் தகடுகள் விற்கிறார்கள், அதை மாட்டலாம்.

ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாவைத்தான் நான் முக்கியமாக நினைத்துக்கொள்கிறேன். பகலில் அவர்கள் மட்டும் வீட்டில், அல்லது வாக்கிங் போய்விட்டு கீபேடை நம்பித் திரும்பி வருகிறவர்கள். சாவியை எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுத்தால் போதாது, அவர்களால் கதவைத் தூக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். டிராலியைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி மெல்ல விடுங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி, அம்மாவும் தூக்கலாம். சரிந்தால் டெக்னீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

கரண்ட் வரும்வரை கதவு பூட்டில்லாமல் இருக்கும், யாரும் தூக்கலாம் என்பதால் உள்ளே கைத்தாழ்ப்பாள் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் அதை முதலில் எடுத்துவிட்டு மற்றது. தாழ்ப்பாளோடு மோட்டாரை ஓட்டினால் கதவு வளையும். பிறகு பட்டனை அமுக்கினால் டிராலி ரெயிலில் ஓடிவந்து பெரும்பாலும் தானே மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லையா? சில மாடல்களில் கயிற்றை மோட்டார் பக்கமாகச் சாய்த்து இழுத்தால் அது விடுபட்ட நிலையிலேயே நின்றுவிடும். கயிற்றை நேர் கீழாக ஒருமுறை இழுத்துவிட்டுத் திரும்ப அமுக்குங்கள்.