பகிர்ந்து உண்ணும்போது

நண்பகல் இடைவேளை மணி ஒலிக்கிறது. தில்லியிலோ பஞ்சாபிலோ உள்ள ஒரு பள்ளி வகுப்பறையில் உணவுப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. சப்பாத்தி, பராத்தா, பூரி, பிரெட் எனப் பெரும்பாலானவை கோதுமை உணவுகள். ஒருவர் உணவை மற்றவரோடு பகிர்ந்து உண்பது மாணவர்களின் இயல்பு, நற்பண்பும்கூட. ஆயினும், சீலியாக் நோயுள்ள மாணவருக்கு அன்போடு நீட்டப்படும் ஒரு துண்டு பராத்தாவும் தீங்கு விளைவிக்கும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. பிசைந்த கோதுமை மாவு இழுபடுவதற்கு இப்புரதமே காரணம். சீலியாக் நோயுள்ளவர் இதனை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. வயிற்றுவலி, இரத்தசோகை, சோர்வு, வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றலாம். சிலருக்கு வெளிப்படையான அறிகுறி இல்லாமலே குடல் பாதிக்கப்படும். இது தொற்றுநோய் அன்று. இதனை முற்றிலும் நீக்கும் மருந்தும் இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டன் அற்ற உணவை உண்பதே சிகிச்சை.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்து நாட்டின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின்போது, 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்நாட்டில் பஞ்சம் நிலவியது; ரொட்டி அரிதாயிற்று. மக்கள் பசியால் வாடிய அக்காலத்தில் இந்நோயுள்ள குழந்தைகள் நலம் பெற்றனர். இது டிக்கே முன்பே கொண்டிருந்த ஐயத்தை வலுப்படுத்தியது. 1950ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருப்பு வகைகள் ஆகியவற்றில் இக்குளூட்டன் இல்லை. எனவே இட்லியும் சோறும் இம்மாணவருக்கு ஏற்றவை. ஆனால் ரவையும் மைதாவும் கோதுமையிலிருந்து பெறப்படுபவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலக்கப்படுவதுண்டு. ஆதலால் சாம்பாரையும் கேட்டறிந்தே உண்ண வேண்டும். சப்பாத்தி மாவு பட்ட கரண்டியும் மேசையும்கூடத் தீங்கு தரலாம்.

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோர் வகுப்பாசிரியருக்கு இதனை எழுத்து மூலம் தெரிவித்தல் நன்று. உண்ணும் இடம் தூய்மையாக இருத்தல் வேண்டும். கைவினை வகுப்பில் மைதாப் பசையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். சுற்றுலாவின்போது தனி உணவு எடுத்துச் செல்ல வேண்டும். தவறுதலாக எதையேனும் உண்டுவிட்டால், அச்சமின்றி ஆசிரியரிடம் கூறும் சூழல் வேண்டும்.

இவற்றினும் கடினமானது தனிமை. பிறந்தநாள் கேக்கை எல்லாரும் உண்ணும்போது ஒருவர் மட்டும் வெறுங்கையுடன் நிற்கிறார். "கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது" என்று நண்பர்கள் வற்புறுத்துகின்றனர். வேறுபட்டுத் தெரிய விரும்பாத அம்மாணவர், தீங்கென்று அறிந்தும் உண்டுவிடுகிறார். அன்று கேக்குடன் பழங்களோ கடலை மிட்டாயோ வைக்கப்பட்டிருந்தால், அவரும் விழாவில் ஒருவராகியிருப்பார். பிறருக்கு எது நன்மை தரும் என்பதை அறிந்து கொடுக்கும்போதே பகிர்தல் முழுமை பெறுகிறது.

அருஞ்சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
அரிது – எளிதில் கிடைக்காதது
சிதைதல் – அழிதல்

சிந்தித்து விடை எழுதுக
1. குளூட்டன் எந்தெந்தத் தானியங்களில் உள்ளது?
2. பஞ்ச காலத்தில் சில குழந்தைகள் நலம் பெற்றது ஏன்?
3. உம் வகுப்பில் சீலியாக் நோயுள்ள மாணவர் இருந்தால், பிறந்தநாள் விழாவை எவ்வாறு அமைப்பீர்?